வாளி நிறையும் நேரம்

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு ஒழுங்கை என்கிற எங்கள் சின்னத் தெரு கண்ணயர்ந்துவிடும். கொழும்பில், அதுவும் கொட்டாஞ்சேனையில் அப்படியொரு நேரம் இருக்கிறதென்றால் வெளியாட்கள் சிரிப்பார்கள். ஆனால் இருக்கிறது. பள்ளிக்கூட வான்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிருக்கும், மரக்கறி வண்டிக்காரன் கத்தி ஓய்ந்திருப்பான், மாதா கோயில் மணிக்கு இன்னும் நேரம் இருக்கும். துறைமுகப் பக்கமிருந்து ஏதாவதொரு கப்பல் நீளமாக ஒரு தடவை ஊதிவிட்டுப் பேசாமல் இருக்கும். நான் தையல் மெஷினை மூடிவிட்டு மேல்மாடிப் பலகைத் தரையில் தலையணையைப் போட்டுச் சரிவேன். காது தரையோடு ஒட்டியிருக்கும். அப்போது வீட்டுக்குள் ஓடுகிற தண்ணீர் எனக்குக் கேட்கும்.

பொய்யில்லை. எங்களுடையது பழைய வீடு. குழாய் கீழே படிக்கட்டின் அடியில் தொடங்கி, சுவரோடு ஏறி, என் தலைமாட்டைக் கடந்து, சமைக்கிற குசினிக்குப் போகிறது. அரைத் தூக்கத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். எங்கோ மலையில் பெய்த மழை. களனி ஆற்றோடு இறங்கி, பிறகு மண்ணுக்கடியில் புகுந்து, தெமட்டகொடை ரயில் பாதைகளுக்குக் கீழால், யார் யாருடைய வீட்டுக்கோ பிரிந்து பிரிந்து இருட்டிலேயே நடந்து, கடைசியில் களைத்துப்போய் என் படிக்கட்டில் ஏறுகிறது. முகத்துவாரத்தில் கடலோடு சேர்ந்திருக்க வேண்டிய தண்ணீர், என் பேசினில் வந்து நிற்கிறது. அதை நினைத்தால் கை கழுவவே ஒரு மாதிரி இருக்கும். தனியாக இருக்கிறவளுக்கு இப்படியெல்லாம் யோசிக்க நேரம் நிறைய உண்டு.

நான் கல்யாணம் கட்டவில்லை. கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைக்கிறேன். அதைவிட, கோயிலில் முதன்முதல் நற்கருணை, அதாவது முதல் நன்மை, வாங்குகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுணும், தலைக்கு நெட் துணியில் முக்காடும் தைப்பதுதான் என் முக்கியமான வேலை. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்கு வரிசையாகப் போகிற சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேர் என் மெஷினுக்குக் கீழால் போனவர்கள் என்று பெருமையடிப்பேன். விளிம்பு மடித்து அடிக்காத துணி என் வீட்டில் ஒரு துண்டும் இருக்காது. கைபிடித் துணியைக்கூட ஓரம் மடித்து அடித்துத்தான் பாவிப்பேன். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பிறகு நான் மாட்டிக்கொண்டேன்.

கீழ் வீட்டில் பத்தொன்பது வருடமாக ஒரு முஸ்லிம் குடும்பம். பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான். அந்தப் பெண்ணை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். இந்தியாவிலிருந்து வந்த ஒரு வாடிக்கைக்காரி இதைக் கேட்டுத் திடுக்கிட்டு, 'தாத்தா'வைத் தேடி என் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். கொழும்பில் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்குச் சிரிப்பில் ஊசி கையில் ஏறிவிட்டது. தாத்தா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு ஒட்டியிருக்கமாட்டாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதல் நோன்பன்று பின்னேரம் கீழேயிருந்து ஒரு சில்வர் பாத்திரம் நிறையக் கஞ்சி ஏறிவரும். கிறிஸ்மஸுக்கு நான் இரண்டு கேக் சுடுவேன். பிரண்டி ஊற்றியது எனக்கும் என் சனத்துக்கும், ஊற்றாதது கீழுக்கு. பாத்திரம் ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பிப் போகாது. கையில் ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம்.

கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் சனங்கள் முஸ்லிம் வீடுகளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்கத் தாத்தா கதவைத் திறக்கவில்லை. நான் இறங்கிப் போய்த் தட்டினேன். பாணும் பருப்பும் கொண்டுபோயிருந்தேன். அவருடைய குசினியில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். என்ன கதைத்தோம் என்று இப்போது கேட்டால் தெரியாது. உட்கார்ந்திருந்தது மட்டும் தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷியோடுதான் நான் ஏழு மாதம் கதைக்காமல் இருந்தேன். அதுவும் தண்ணீருக்காக.

போன வருடக் கடைசியில் என் வீட்டில் தண்ணீர் மெலியத் தொடங்கியது. ஒரேயடியாக இல்லை. முதலில் குளிக்கிற இடத்து ஷவர் சோம்பலாயிற்று. பிறகு குசினிக் குழாய். துணி வெட்டுமுன் நனைத்துச் சுருங்கவிடுவது என் வழக்கம், அதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டும். வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போய் ஒரு பட்டன்துளை தைத்துவிட்டு வருவேன், பாதி நிறைந்திருக்கும். இன்னொன்றும் தைத்துவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் நூல் மாதிரித்தான் வந்தது. அதுவும் என் மெஷினில் பூட்டுகிற நாற்பதாம் நம்பர் நூல்.

கீழே மட்டும் தண்ணீர் தாராளமாக ஓடியது. தரையில் காது வைத்துக் கிடக்கிறவளுக்கு அது கேட்காதா? தாத்தா சட்டி கழுவுகிற சத்தம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், எல்லாம் முந்தி எனக்குத் தாலாட்டு. இப்போது ஒவ்வொரு சத்தமும் நெஞ்சில் குத்தியது. அதோடு புதிதாக ஒரு சத்தம். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, கிர்ர்ர் என்று ஒரு மோட்டர் அரை மணித்தியாலம் ஓடும். பலகை வழியாக என் பல்லுவரைக்கும் வந்து கூசும்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கொழும்பில் இது எல்லாருக்கும் தெரிந்த கதைதானே. களவாகக் குழாயில் மோட்டரைப் பூட்டி இழுத்தால், பக்கத்து வீட்டுக்காரன் வாயைப் பிளந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெருவிலிருந்து ஒரே குழாய்தான் வந்து, படிக்கட்டடியில் இரண்டாகப் பிரிகிறது. பிறகென்ன சாட்சி வேண்டும்?

கேட்டிருக்கலாம். "தாத்தா, எனக்குத் தண்ணி வருதில்ல" என்று படிக்கட்டில் நின்று ஒரு வசனம். அதைச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை. எனக்கு ஒரு கெட்ட குணம். கோபம் வந்தால் கத்தமாட்டேன், மூடிக்கொள்வேன். 'அவவுக்குத் தானாகத் தெரிய வேண்டாமா? இத்தனை வருஷம் பழகி இப்பிடிச் செய்யலாமா?' என்று மனதுக்குள்ளேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன். படிக்கட்டில் கண்டால் கைப்பைக்குள் எதையோ தேடுவேன். "தங்கச்சி" என்று கூப்பிட்டால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.

நோன்பு வந்தது. கஞ்சிப் பாத்திரம் வழக்கம்போல் ஏறிவந்தது. குடித்தேன், அதில் ரோஷம் பார்க்கவில்லை. பிறகு பாத்திரத்தை நூல் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, துடைத்து, வெறுமையாகக் கொண்டுபோய்க் கீழ்ப்படியில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு பிடி சீனிகூடப் போடவில்லை. அதை வைத்துவிட்டு மேலே ஏறும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து தாத்தா கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மத்தியானங்கள் மட்டும் பழையபடி வந்தன. நான் படுப்பேன், கப்பல் ஊதும், மின்விசிறி சுற்றும். தண்ணீர் என் தலைமாட்டில் வந்து ஏறமுடியாமல் முனகுவதுபோல் இருக்கும். கனவில் ஒரு தடவை வீடு முழுக்கத் தண்ணீர். வெள்ளைக் கவுண்கள் எல்லாம் ஆள் இல்லாமலே மிதந்து போகின்றன. கீழே தாத்தா வாசலில் நின்று அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிழிந்து கொடியில் போடுகிறார். விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. எழும்பிப் போய்க் குழாயைத் திறந்தேன். நூல்.

பிறகு ஒரு நாள் கடைக்காரர் சாமானைப் பையில் போட்டுக்கொண்டே, "கீழ் வீட்டு ஆக்கள் ஆத்துக்கு அங்கால, ஹெந்தளைப் பக்கம் வீடு மாறிப் போகப் போறாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது. சந்தோஷம்தான், இனித் தண்ணீர் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் அன்று முழுக்க ஒரு தையல் நேராக வரவில்லை.

அப்போதுதான் புத்திகெட்ட அந்த யோசனை வந்தது. போவதற்கு முன் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அவர் போன பிறகு நான் என்ன சொல்லி என்ன?

முகத்துவாரத்திலிருந்து ஒரு பாஸைக் கூப்பிட்டேன். கைவேலை தெரிந்த எவரையும் இங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனுஷன். வந்ததும் என் விசாரணை முழுவதையும் ஒப்புவித்தேன். அவர் கேட்டுக்கொண்டே பையிலிருந்து உள்ளங்கை அளவில் வட்டமாக, முள் வைத்த ஒரு மீட்டரை எடுத்தார்.

"அன்ட்டி, இப்ப ஒரு பைப்பும் திறக்காதீங்க" என்று சொல்லி அதைக் குசினிக் குழாயின் வாயில் திருகினார். குழாயைத் திறந்தார். முள் விறுவிறென்று ஏறி, மேலே போய் நின்றது.

"ப்ரெஷர் நல்லா இருக்கே" என்றார்.

"நல்லா இருக்கா? அப்ப ஏன் நூல் மாதிரி வருது?"

"அதத்தான் பாக்கணும்."

குளிக்கிற இடத்துக் குழாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். "ஆ, விழுந்திட்டு" என்று சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் முள் அடிமட்டத்தில் படுத்திருந்தது. மூடினேன், எழும்பி மேலே போய் நின்றது. திறந்தேன், படுத்தது.

"மோட்டர் இழுத்தாலும் இப்பிடித்தானே விழும்?" என்று ஆசையோடு கேட்டேன்.

பாஸ் பதில் சொல்லுமுன் கீழேயிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கிர்ர்ர். நான் துள்ளிவிட்டேன்.

"கேளுங்க! இதுதான், இதுதான்! இந்தா இழுக்குது!"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மீட்டரைக் காட்டினார். என் குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. முள் உச்சியில் நின்றது, ஒரு மயிரிழையும் அசையவில்லை. நான் குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சுப் பிடித்துப் பார்த்தேன். கீழே மோட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டர் தண்ணிய இழுத்தா இந்த முள்ளு ஆடும் அன்ட்டி. இது ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அது வேற ஏதோ மெஷின்."

"உங்கட மீட்டர் பழுதோ தெரியாது" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. குசினிக் குழாயையே கழற்றி எடுத்துவிட்டு, வெறும் பைப்பின் வாயில் வாளியை வைத்தார். அப்போதும் நூல்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளி நிறையப் பதினொரு நிமிடம் ஆயிற்று. பிறகு எனக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"பாருங்க. மூடி வெச்சா தண்ணி வந்து முட்டிக்கொண்டு நிக்குது, அதால முள்ளு ஏறுது. திறந்தா வாறதுக்கு வழி காணாது, அதால விழுது. ஒரு பைப்பில மட்டும் எண்டா அந்தப் பைப் பழுது. உங்களுக்கு எல்லாத்திலயும் இப்பிடி. அப்ப எல்லாத்துக்கும் முன்னால, ஒரே இடத்தில சிக்கியிருக்கு. உங்கட லைனில யூனியன் எங்க இருக்கு? ரெண்டு பைப் துண்டச் சேத்துத் திருகிற மூட்டு."

எனக்குத் தெரியும். படிக்கட்டின் அடியில், தாத்தாவின் பின்கதவுக்குப் பக்கத்தில். "நீங்களே போய்ப் பாருங்க" என்றேன். நான் வரவில்லை. அவர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவதும், தாத்தா "வாங்க மகன்" என்பதும் கேட்டது. ஆறாவது படிவரைக்கும் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்பனர் உரசுகிற சத்தம். தண்ணீர் கொஞ்சம் சிந்துகிற சத்தம். பிறகு பாஸ் சிரித்தார்.

"அன்ட்டி, கொஞ்சம் வாங்க. இது யாரோ வெச்சது."

அவருடைய உள்ளங்கையில் சேற்று நிறத்தில் ஒரு கட்டி. கோயிலில் தருகிற சின்ன அப்பம் அளவில், களிமண்போல். அவர் அதை விரலால் தேய்த்துத் தண்ணீரில் அலசினார். துரு கரைந்து ஓடியது. அடியிலிருந்து நெட் துணி வெளியே வந்தது. இரண்டாக மடித்து, வட்டமாக வெட்டி, சுற்றிவர விளிம்பு மடித்து மெஷினில் அடித்த துண்டு.

உலகத்தில் எத்தனை தையல்காரி இருந்தாலும், தண்ணீர்க் குழாய்க்குள் வைக்கிற துணிக்கு விளிம்பு மடித்து அடிக்கிறவள் ஒருத்திதான் இருப்பாள். என் தையல் எனக்குத் தெரியாதா? காது இரண்டும் சூடாகிவிட்டது.

தாத்தா ஒரு தட்டில் பாஸுக்குத் தேத்தண்ணீர் கொண்டு வந்தார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல், துணியைப் பார்த்தே சொன்னார்:

"இது நீங்க வெச்ச தானே, தங்கச்சி. ரோட்டு வெட்டி செவப்புத் தண்ணி வந்த நேரம். நான் தானே டோர்ச் புடிச்சிக்கிட்டு நின்ட."

எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தெருவைத் தோண்டிய கிழமை, குழாயில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஒழுங்கை முழுக்கக் குழாய் வாயில் துணி கட்டினார்கள். என் மேசையில் முதல் நன்மை உடுப்புகள், எல்லாம் வெள்ளை. ஒவ்வொரு குழாயிலும் கட்டுவானேன், அடியிலேயே வடித்துவிடலாம் என்று எனக்குப் பெரிய மூளை. மிஞ்சிய முக்காட்டு நெட்டில் ஒரு வட்டம் வெட்டினேன். தாத்தாவின் புருஷனுடைய ஸ்பனரை வாங்கி, தாத்தா டோர்ச் பிடிக்க, இரண்டு பேரும் படிக்கட்டுக்கடியில் முட்டிபோட்டு, நனைந்து, வயிறு நோகச் சிரித்துச் சிரித்து அதை உள்ளே வைத்துத் திருகினோம். "மறந்திடாம எடுங்கோ" என்றுகூடத் தாத்தா சொன்னார். ஒரு கிழமைக்குத்தான் என்றேன். மறந்துவிட்டேன். இரண்டு வருடத் துருவும் அழுக்கும் என் நேர்த்தியான தையலில் வந்து படிந்துகொண்டே இருந்திருக்கிறது.

உள்ளே அந்தக் கிர்ர்ர் சத்தம் நின்றது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். தாத்தாவின் புருஷன் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்திலிருந்து ஒரு மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு குழாய் மேசைமேல் இருந்த சின்னப் பெட்டிக்குப் போயிற்று. மாஸ்க்கிலிருந்து மருந்துப் புகை கொஞ்சம் மிதந்து கரைந்தது. பாதி ஆளாக இளைத்திருந்தார். மூச்சுக்கு மருந்து பிடிக்கிற மெஷின். அதைத்தான் ஏழு மாதமாக நான் தரையில் படுத்திருந்து சபித்தேன்.

"எப்ப இருந்து தாத்தா?"

"நோன்புக்கு முந்தியே. ஒங்களுக்கிட்ட இதச் செல்லத்தான் கூப்பிட்ட. நீங்க திரும்பிப் பாக்கல்ல."

பாஸ் தேத்தண்ணீரோடு வெளிவாசல் பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

"நான் நினைச்சன்..." என்று தொடங்கி நிறுத்தினேன். மறைக்கலாம்தான். வேறு ஏதாவது சொல்லி மழுப்பலாம். அந்தத் துணி என் கையில் நனைந்துபோய்க் கிடந்தது. "நீங்க மோட்டர் போட்டு என்ட தண்ணிய எடுக்கிறீங்க எண்டு நினைச்சன், தாத்தா. அதுதான் கதைக்கல்ல. அதுதான் பாத்திரத்த வெறுமையா வெச்சது."

அவர் என்னைப் பார்த்தார்.

"தண்ணிக்கா?"

"ஓம்."

"தண்ணிக்கா தங்கச்சி? தண்ணிக்குத்தானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏசப்போகிறார் என்று நினைத்தேன், ஏசவேண்டும் என்றும் நினைத்தேன். தாத்தா படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! கள்ளி என்டு தானே நெனச்சீங்க? அது பரவால்ல, அது பரவால்ல. நான் வேற ஒன்டுக்குத்தான் பயந்து போன. அந்த ஈஸ்டருக்குப் பொறகும் கதவத் தட்டி வந்த புள்ள, இப்ப என்னத்துக்கு மூஞ்சத் திருப்புது? கடைசியில இவவும் மத்தவங்களப் போல ஆயிட்டா என்டு... சோறு எறங்கல்ல எனக்கு."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. களவெடுத்தாய் என்று நான் நினைத்ததற்கு அவர் ஆண்டவனுக்கு நன்றி சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூக்கைத் துடைக்கக் கையில் கிடைத்தது அந்த நெட் துணிதான். துரு மூக்கில் ஒட்டிக்கொண்டது. "சீ, அத எறிங்கோ" என்று தாத்தா தட்டிவிட்டார்.

"ஹெந்தளைக்குப் போகாதீங்க" என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அங்கே பக்கத்தில் இருப்பதாகவும், தகப்பனுக்கு இப்படி ஆனதிலிருந்து வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். "மேல தங்கச்சி ஈக்கிறா, நான் வரமாட்டேன் என்டு தான் செல்லிக்கொண்டு ஈந்த. நீங்க மூஞ்சத் திருப்பின மறுகா தான் சரி என்டு செல்லிட்டேன். வீட்டுப் பூட்டுக்குத் தெறப்பும் தந்துட்டாங்க." பிறகு என் மூக்கிலிருந்த துருவைத் துடைத்துவிட்டு, "ஆனா அங்க தண்ணி எப்பிடியோ தெரியா. இவருக்குத் தண்ணி இல்லாம ஏலா. நீங்க வந்து பாத்து செல்லுங்கோ. சரியில்லாட்டி நான் போகமாட்டேன், அல்லாஹ் மேல சத்தியமா" என்றார்.

பாஸ் யூனியனைத் திருகிப் பூட்டிவிட்டுப் போனார். மேலே போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பாய்ந்து வந்து பேசினில் மோதி என் சட்டையை நனைத்தது. அப்படியே நின்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தாத்தாவும் நானும் ஒரு ஓட்டோவில் ஹெந்தளைக்குப் போனோம். மடியில் என் வீட்டு வாளி. களனிப் பாலத்தில் ஏறும்போது ஆறு கீழே வெயிலில் அசையாமல் கிடந்ததுபோல் இருந்தது. தாத்தா என் கையைப் பிடித்திருந்தார், ஏழு மாதக் கதையையும் ஒரேயடியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்டேனா தூங்கினேனா என்று தெரியாத ஒரு சுகத்தில் இருந்தேன். அந்த ஓட்டோ எங்கேயும் போய்ச் சேராமல் ஓடிக்கொண்டே இருந்தால் நல்லது என்று தோன்றியது.

வீடு நல்ல வீடு. சொல்லத்தான் வேண்டும். படி ஏறத் தேவையில்லை, ஜன்னலால் கடல்காற்று வருகிறது, மகளின் வீட்டு மதில் கூப்பிடு தூரத்தில். குசினிக் குழாயடியில் வாளியை வைத்துத் திறந்தேன்.

நூல்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். தாத்தாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் வந்திருக்கும். "நான் செல்லல்லயா?" என்றார். "இதுல ஒரு சட்டி கழுவ ஏலுமா? மகளுக்கு செல்றேன், தண்ணி சரியில்ல என்டு."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். ஏன் போனேன் என்று என்னையே திட்டிக்கொண்டுதான் போனேன். மதிலோரம், மீட்டருக்குப் பக்கத்தில் பித்தளை வால்வ் ஒன்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி மூடியிருந்தது. வீடு சும்மா கிடந்த காலத்தில் யாரோ மூடியது. வேறொன்றுமில்லை.

நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாத்தாவுக்கு வால்வும் தெரியாது, மீட்டரும் தெரியாது. நான் சும்மா திரும்பிப் போனால் போதும், அவர் கீழ் வீட்டிலேயே இருந்துவிடுவார். நோன்புக் கஞ்சிகூட வேண்டாம், வெறும் கதை போதும், கீழே அவர் சட்டி கழுவுகிற சத்தம் போதும். மதிலுக்கு அந்தப் பக்கம் மகள் பிள்ளைகளோடு கதைக்கிற சத்தம் கேட்டது. அந்த மாஸ்க்கும் புகையும் கண்ணுக்குள் வந்தன. ஒருநாள் விடிய அந்த மனுஷனுக்கு மூச்சு முட்டினால், என் படிக்கட்டால் நான் இறங்கி ஓடுவதைவிட இந்த மதிலால் மகள் ஓடிவருவது கிட்ட.

திருகினேன். கடைசிவரைக்கும் திருகித் திறந்தேன்.

உள்ளே தாத்தா "யா அல்லாஹ்" என்றார். ஓடிவந்தேன். தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, வாளி கழுத்துவரைக்கும் வந்துவிட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

"நல்ல தண்ணி, தாத்தா" என்றேன்.

வாளி நிறைந்து வழிந்தது, தரையில் ஓடி எங்கள் கால்களை நனைத்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். ஒருவரும் குழாயை மூடவில்லை.